“கைபேசியைக் காட்டு”: பயிற்றுநரின் அறையும் வீரரின் அந்தரங்கமும்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கைச் சேர்ந்த கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர் மைக் பாப்காக் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூலை 1 அன்றுதான் அவர் நியமிக்கப்பட்டிருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட அவர் அந்த அணியை வழிநடத்தியதில்லை. தொடர் தோல்வியோ, பண முறைகேடோ, ஊக்கமருந்தோ இதற்குக் காரணமன்று. தம்மைச் சந்திக்க வந்த வீரர்களிடம் அவரவர் கைபேசியில் உள்ள புகைப்படங்களைக் காட்டும்படி அவர் கேட்டார் என்பதே காரணம்.

நம் வாசகர்களில் பலருக்கு இந்த ஹாக்கி பழக்கமானதன்று. புல்தரையில் ஆடுவதன்று இது. பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுவது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள், பல கோடி டாலர் ஒப்பந்தங்கள், பெரும்பான்மையும் வெள்ளையரான வீரர்கள், ஏறத்தாழ முழுவதும் வெள்ளையரான பயிற்றுநர்கள். அப்படியொரு செல்வச் செழிப்புள்ள தொழிலில் நடந்த கைபேசித் தகராறு நமக்கெதற்கு என்ற கேள்வி எழலாம். ஒருவரின் வாழ்வாதாரத்தைக் கையில் வைத்திருப்பவர் அவருடைய சொந்த வாழ்வுக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம் என்பதே இங்கு விவாதப்பொருள். கோடிகளில் ஊதியம் பெறுபவரே அந்த அறையில் “முடியாது” என்று சொல்லத் தயங்கினார் என்றால், அந்த அதிகாரத்தின் இயல்பை ஆராய்வதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். செப்டம்பர் 12 அன்று முன்னாள் வீரர் பால் பிசோனெட், தாம் பங்கேற்கும் ‘ஸ்பிட்டின் சிக்லெட்ஸ்’ என்ற பாட்காஸ்டில் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டார். அணித்தலைவர் பூன் ஜென்னரைத் தம் அலுவலகத்துக்கு அழைத்த பாப்காக், அவருடைய கைபேசிப் புகைப்படங்களைச் சுவரிலிருந்த தொலைக்காட்சித் திரையில் காட்டச் செய்தார் என்பது அதன் சாரம். அன்றே அணி நிர்வாகம் மறுப்பு வெளியிட்டது. வீரர்களை நன்கு அறிந்துகொள்வதற்காகவே குடும்பப் படங்களைக் கேட்டதாகவும், தம் குடும்பப் படங்களைத் தாமும் காட்டியதாகவும் பாப்காக் விளக்கினார். ஜென்னரும் அவரை ஆதரித்தே பேசினார். குடும்பம், ஊர், நடக்கவிருக்கும் தம் திருமணம் ஆகியவற்றைப் பற்றி இயல்பாக உரையாடியதாகவும், படங்களை விரும்பியே காட்டியதாகவும், நல்லதொரு முதல் சந்திப்பு ஊதிப் பெரிதாக்கப்பட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார். மூத்த நட்சத்திர வீரர் ஜானி குட்ரோவும் அதே தொனியில் பேசினார்.

வழக்கமாக இத்தகைய விவகாரங்கள் இவ்விடத்தோடு முடிந்துவிடும். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவரே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் வீரர்கள் சங்கம் அதோடு விடவில்லை. சங்கத்தின் செயல் இயக்குநர் மார்டி வால்ஷும் உதவிச் செயல் இயக்குநர் ரான் ஹெய்ன்ஸியும் கொலம்பஸ் நகருக்கே சென்று வீரர்களை நேரில் சந்தித்தனர். வால்ஷ் ஹாக்கி ஆடியவரல்லர். கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து, பாஸ்டன் நகர மேயராகி, பின்னர் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறைச் செயலராகப் பணியாற்றியவர். மூத்தவர்களுக்குச் சிரமமாகத் தோன்றாத அந்தச் சந்திப்புகள் இளைய வீரர்கள் சிலரைக் கடும் சங்கடத்துக்கு ஆளாக்கியிருந்தன என்பது அந்த விசாரணையில் தெரியவந்தது. சங்கமும் லீக்கும் நியூயார்க்கில் கூடிப் பேசின. அடுத்த இரண்டு நாள்களில் பாப்காக் விலகினார். பணியிடத்தில் மரியாதையோடு நடத்தப்படும் உரிமை வீரர்களுக்கு உண்டு, கொலம்பஸில் அது கிடைக்கவில்லை என்ற பொருளில் வால்ஷ் அறிக்கை வெளியிட்டார்.

இங்கு ஜென்னரின் வாக்குமூலத்தைப் பொய் என்று கருத வேண்டியதில்லை. அவர் சொன்னது அவரளவில் முழு உண்மையாகவே இருக்கலாம். அவர் அணித்தலைவர், நீண்ட ஒப்பந்தம் உடையவர், அணியில் அவருடைய இடம் உறுதியானது. அவர் கைபேசியைக் காட்டுவது இரண்டு சமநிலையாளர்கள் படங்களைப் பரிமாறிக்கொள்வதைப் போன்றதே. அதே அறைக்குள் அதே கோரிக்கையை எதிர்கொள்ளும் பத்தொன்பது வயது இளைஞரின் நிலை வேறு. இருவரிடமும் கேட்கப்பட்ட சொற்கள் ஒன்றாயினும், இரண்டு கோரிக்கைகளும் ஒன்றல்ல. பாதுகாப்பான இடத்தில் இருப்பவரின் அனுபவத்தைப் பாதுகாப்பற்றவரின் அனுபவத்துக்கும் சான்றாகக் கொள்வது பழைய தந்திரம். “எங்கள் ஊரில் அப்படியெல்லாம் வேற்றுமை பார்ப்பதில்லை” என்று ஊர்த்தெருவில் நின்று சொல்பவரை நாம் நன்கறிவோம்.

அந்த இளைஞரின் நிலையைத் தொழில்முறையில் விளக்கியாக வேண்டும். தேசிய ஹாக்கி லீக்கில் பதினெட்டு வயதில் ஒருவர் தேர்வாகிறார். எந்த அணிக்குச் செல்வது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. அணிதான் அவரை எடுக்கிறது. முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள்; ஊதிய உச்சவரம்பு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. அது பெரும்பாலும் இருவழி ஒப்பந்தமாக இருக்கும். அதாவது, முதன்மை அணியில் இருந்தால் ஓர் ஊதியம், துணை லீக்குக்கு அனுப்பப்பட்டால் வேறோர் ஊதியம். 2023-24 பருவத்தில் முதன்மை லீக்கின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7,75,000 டாலர். துணை லீக்கில் அவருக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறு பகுதியே. அணிப்பட்டியலில் 23 பேர். ஆட்ட நாளில் களத்துக்கான உடை அணிவோர் 20 பேர். அந்த இருபதில் ஒருவரா, உடை மாற்றாமல் பார்வையாளர் மாடத்தில் அமர்பவரா, பேருந்தில் ஏற்றிச் சிறுநகர அணிக்கு அனுப்பப்படுபவரா என்பதை நாள்தோறும் தீர்மானிப்பதில் தலைமைப் பயிற்றுநரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். களத்தில் எத்தனை நிமிடம் என்பதும் அவர் முடிவே. நிமிடங்கள் குறைந்தால் கோல்கள் குறையும்; கோல்கள் குறைந்தால் அடுத்த ஒப்பந்தம் சுருங்கும்.

இந்த நிலையில் உள்ளவரிடம் “உன் கைபேசியில் உள்ள படங்களைப் பார்க்கலாமா?” என்று கேட்பதைக் கேள்வி என்று இலக்கணம் சொல்லும், தொழிலாளர் வாழ்வு அப்படிச் சொல்லாது. மறுத்தால் என்ன ஆகும் என்று யாரும் அச்சுறுத்தத் தேவையில்லை. “ஒத்துழைக்காதவன்”, “அணிக்குள் ஒட்டாதவன்”, “எதையோ மறைப்பவன்” என்ற பெயர் போதும். சம்மதம் என்பது மறுக்கும் வாய்ப்பு மெய்யாகவே இருக்கும்போதுதான் சம்மதம்.

கைபேசி என்ற பொருளையும் இங்கே கவனிக்க வேண்டும். 2014 ஜூன் மாதம், ரைலி எதிர் கலிபோர்னியா வழக்கில், கைது செய்யப்பட்டவரின் கைபேசியைக்கூட நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறை துழாவக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டைப்பையில் இருக்கும் மற்றப் பொருள்களைப் போன்றதன்று கைபேசி, ஒரு மனிதரின் முழு வாழ்வும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்பது நீதிபதிகள் கண்ட காரணம். அந்தத் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் முதலாளியையோ பயிற்றுநரையோ அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆனாலும் அந்த வேறுபாடு வியப்பளிக்கிறது. துப்பாக்கி ஏந்திய காவலர் நீதிபதியின் கையொப்பம் பெற வேண்டிய இடத்தில், விசில் ஏந்திய பயிற்றுநருக்கு ஒரு புன்னகை போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தப் படங்களில் இருப்பவர் வீரர் மட்டுமல்லர். காதலியோ காதலனோ இருப்பார்; நோயுற்ற தாய் இருப்பார்; மருத்துவச் சீட்டின் படம் இருக்கலாம்; வழிபாட்டிடம் இருக்கலாம்; அரசியல் கூட்டம் இருக்கலாம். வீரர் சம்மதித்தாலும் அவர்கள் சம்மதிக்கவில்லை. தன்பாலீர்ப்பு கொண்ட ஓர் இளைஞர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் அடுத்த படத்துக்கு விரல் நகரும் அந்த நொடி அவருக்கு எத்தகையதாக இருந்திருக்கும்? தேசிய ஹாக்கி லீக்கின் வரலாற்றில், அதில் ஆடிக்கொண்டிருக்கும்போது தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்த வீரர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாப்காக்கின் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம் “அறிந்துகொள்ளுதல்”. பயிற்றுநர் தம் வீரர்களை மனிதர்களாக அறிந்துகொள்ள விரும்புவது தவறா என்று கேட்டவர்கள் பலர். தவறில்லை. ஆனால் அறிவு எத்திசையில் பாய்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. இதில் பாப்காக்கின் முந்தைய வரலாறு நமக்கு உதவுகிறது.

அவர் சாதாரணப் பயிற்றுநரல்லர். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியுடன் 2008இல் ஸ்டான்லி கோப்பை வென்றவர். 2010இலும் 2014இலும் கனடா ஆடவர் அணிக்கு ஒலிம்பிக் தங்கம் பெற்றுத் தந்தவர். 2015இல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்தது. 2019 நவம்பரில் அங்கிருந்து நீக்கப்பட்ட சில நாள்களில் ஒரு பழைய செய்தி வெளியே வந்தது. 2016-17 பருவத்தில், அப்போது புதுமுகமாக இருந்த மிட்ச் மார்னரிடம், சக வீரர்களை உழைப்பின் அடிப்படையில் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் எழுதித் தரும்படி பாப்காக் கேட்டிருக்கிறார். பயிற்றுநருக்கும் தமக்கும் இடையிலான பயிற்சி என்று நம்பி இளைஞர் எழுதிக் கொடுத்தார். பட்டியலில் கீழே இடம்பெற்றவர்களிடம் பாப்காக்கே அதைத் தெரிவித்துவிட்டார். அப்படி நடந்தது உண்மை என்று மார்னர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

கைபேசி நிகழ்வைவிட இது கொடியது என்பது என் கருத்து. படங்களைப் பார்ப்பது ஒருவரின் அந்தரங்கத்துக்குள் எட்டிப் பார்ப்பது. இதுவோ ஒருவரின் உள்ளத்தில் இருந்த மதிப்பீட்டை வெளியே எடுத்து, அதையே அவருக்கு எதிரான ஆயுதமாக்குவது. தரவரிசைப்படுத்தும் வேலையை ஆட்டத்தின் தலைவர் செய்யவில்லை. அணியின் கடைநிலையில் இருந்த புதுமுகத்தைக் கொண்டே செய்வித்தார். மேலிருப்பவர்மீது திரும்ப வேண்டிய சினம் பக்கத்தில் இருப்பவர்மீது திரும்பும். படிநிலைச் சமத்துவமின்மை எப்படி ஒற்றுமையைக் குலைக்கிறது என்று அம்பேத்கர் விளக்கியதைப் படித்தவர்களுக்கு இதன் பொறியமைப்பு புதிதாகத் தோன்றாது. சாதியும் ஹாக்கி அணியும் ஒன்றென்று சொல்லவில்லை. கீழுள்ளவர்களைக் கொண்டே கீழுள்ளவர்களை வரிசைப்படுத்தும் உத்தி மட்டும் ஒன்று.

அதே ஆண்டு டிசம்பரில், டெட்ராய்ட் அணியில் பாப்காக்கின் கீழ் ஆடிய ஸ்வீடன் வீரர் யோஹான் ஃபிரான்சென், தாம் சந்தித்த மனிதர்களிலேயே மிக மோசமானவர் பாப்காக் என்று பேட்டியளித்தார். ஃபிரான்சென் தலைக்காயத்தாலும் மனச்சோர்வாலும் அவதியுற்றவர். 2012ஆம் ஆண்டின் ஒரு தொடரில் ஃபிரான்சென் பாப்காக்கின் வசைகளால் நிலைகுலைந்ததை முன்னாள் வீரர் கிறிஸ் செலியோஸும் பொதுவெளியில் விவரித்தார். ஒருவரின் பலவீனத்தை அறிந்துகொள்வது என்பது பரிவோடு நடத்தவும் பயன்படும், குறிபார்த்து அடிக்கவும் பயன்படும். இவையெல்லாம் வெளியான பிறகுதான் கொலம்பஸ் நிர்வாகம் 2023இல் அவரைப் பணியமர்த்தியது என்பதையும் மறக்கலாகாது. அவர் விலகிய பின் அணியின் தலைவர் ஜான் டேவிட்சன், அந்த நியமனம் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

எவருடைய அந்தரங்கம் எளிதில் மீறப்படுகிறது?

இந்த இடத்தில் நிறத்தின் கதைக்கு வந்தாக வேண்டும். அகீம் அலியு நைஜீரியாவில் பிறந்தவர். தந்தை நைஜீரியர், தாய் உக்ரைனியர். கீவ் நகரில் வளர்ந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 2005இல், பதினாறு வயதில், விண்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் என்ற இளையோர் அணியில் சேர்ந்தார். புதியவர்களை ஆடை களையச் செய்து பேருந்தின் குறுகிய கழிப்பறைக்குள் அடைக்கும் வழக்கம் அங்கிருந்தது. அலியு மறுத்தார். பின்னர் நடந்த பயிற்சியில் மூத்த வீரர் ஒருவர் மட்டையால் அவர் வாயில் தாக்கினார், பற்கள் உடைந்தன. பேருந்து நிகழ்வுக்காக லீக் நிர்வாகம் அந்த அணிக்கு அபராதம் விதித்து, பயிற்றுநரை இடைநீக்கம் செய்தது. பயிற்றுநர் பயணம் செய்யும் பேருந்தில் பதினாறு வயதினரின் உடல்கள் அவமதிக்கப்பட்டன. அதை “வரவேற்புச் சடங்கு” என்றே அந்த உலகம் அழைத்துவந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2009-10 பருவத்தில், ராக்ஃபோர்டு ஐஸ்ஹாக்ஸ் என்ற துணை லீக் அணியில் அவர் ஆடினார். பயிற்றுநர் பில் பீட்டர்ஸ். உடைமாற்றும் அறையில் அலியு ஒலிக்கவிட்ட இசையைப் பீட்டர்ஸ் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால் பலமுறை ஏசினார். அலியு எதிர்த்தார். பயிற்றுநர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அலியு இன்னும் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். 2019 நவம்பர் 25 அன்று அலியு இதைச் சமூக ஊடகத்தில் எழுதியபோது பீட்டர்ஸ் கால்கரி ஃபிளேம்ஸ் என்ற முதன்மை அணியின் பயிற்றுநராக உயர்ந்திருந்தார். அக்காலத்தில் அலியுவுடன் ஆடிய இருவர் அவர் கூற்றை உறுதிப்படுத்தினர். மற்றோர் அணியில் பீட்டர்ஸ் தம்மை உதைத்தார் என்று வேறொரு வீரர் எழுதினார். நவம்பர் 29 அன்று பீட்டர்ஸ் பதவி விலகினார். சிகாகோ அணி 2007இல் தன் இரண்டாம் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த அலியு, தேசிய ஹாக்கி லீக்கில் மொத்தம் ஆட முடிந்தது ஏழே ஆட்டங்கள்.

உடைமாற்றும் அறையில் ஒருவர் கேட்கும் பாட்டு அவருடைய சொந்த விருப்பம். அந்த அறையில் வெள்ளை வீரர்களும் பாட்டுக் கேட்டிருப்பார்கள். அது எவர் கண்ணையும் உறுத்தியிருக்காது. பொது வழக்கத்தோடு ஒத்துப்போகும் ரசனை எவர் பார்வைக்கும் தெரிவதில்லை. மாறுபட்ட நிறம், இசை, உணவு, கடவுள் ஆகியவைதாம் கண்ணில் படுகின்றன, பிறகு விசாரணைக்கு உள்ளாகின்றன. அந்தரங்கத்தின் மீறல் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. காட்டினாலும் ஆபத்து, மறைத்தாலும் ஆபத்து என்ற நிலை சிலருக்கு மட்டுமே. கல்லூரி விடுதியில் தம் குடும்பப் படத்தைச் சுவரில் ஒட்டலாமா என்று இருமுறை யோசித்த மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரகசியம் வேறு, அந்தரங்கம் வேறு. இதைத் தெளிவாக்கும் வழக்கு கைல் பீச்சினுடையது. 2010 மே மாதம், சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. காணொளிப் பயிற்றுநர் பிராட் ஆல்ட்ரிச் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று இருபது வயது இளம் வீரர் முறையிட்டார். மே 23 அன்று அணியின் உயர்நிலையினர் கூடினர். கோப்பை கைக்கு வரும்வரை எதுவும் செய்வதில்லை என்பதே அதன் விளைவாக இருந்தது. ஆல்ட்ரிச் வெற்றிக் கொண்டாட்டத்தில் கலந்துகொண்டார், கோப்பையில் பெயர் பொறிக்கப்பெற்றார், பின்னர் ஓசையின்றி விலக அனுமதிக்கப்பட்டார். 2014இல் மிச்சிகனில், பதின்வயது மாணவர் ஒருவர் தொடர்பான பாலியல் குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். முறையிட்டவரின் கதையோ அவருடைய உடைமாற்றும் அறைக்குள் பரவியது. சக வீரர்கள் அதை வைத்து அவரை இழிசொற்களால் ஏசினர்.

நிர்வாகம் காத்தது இரகசியத்தை, பறிகொடுத்தது அந்தரங்கத்தை. “உள்விவகாரம்”, “வெளியே பேசாதே”, “அணி ஒரு குடும்பம்” என்ற சொற்றொடர்கள் மேலிருப்பவருக்குச் சுவராக நிற்கின்றன. கீழிருப்பவரின் உடலும் மனமும் கைபேசியும் அதே குடும்பத்தின் பெயரால் திறந்த வெளியாகின்றன. குடும்பம் என்ற உருவகத்தை விளையாட்டு நிர்வாகிகள் இவ்வளவு விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். முதலாளியிடம் தொழிலாளி விதிமுறை கேட்கலாம். தந்தையிடம் மகன் கேட்க முடியாது.

2021 அக்டோபரில் சுயேச்சை விசாரணை அறிக்கை வெளியானது. மறுநாள் கைல் பீச் தம் பெயரைத் தாமே வெளியிட்டுத் தொலைக்காட்சியில் பேசினார். சிகாகோ அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம். பொது மேலாளர் ஸ்டான் போமன் விலகினார். 2010இல் தலைமைப் பயிற்றுநராயிருந்த ஜோயல் குவென்வில் தாம் அப்போது பணியாற்றிய ஃபுளோரிடா அணியிலிருந்து விலகினார். 2024 ஜூலை 1 அன்று இருவரும் மீண்டும் லீக்கில் பணியாற்ற அனுமதி பெற்றனர். அதே மாதம் போமனுக்கு எட்மண்டன் அணியில் பொது மேலாளர் பதவி கிடைத்தது. 2025இல் குவென்வில் அனாஹைம் அணியின் பயிற்றுநரானார். பீச் தேசிய ஹாக்கி லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

பீட்டர்ஸ் விவகாரத்துக்குப் பின் 2019 டிசம்பரில் லீக் ஆணையர் கேரி பெட்மன் சில நடவடிக்கைகளை அறிவித்தார். தகாத நடத்தையை அறிந்தால் உடனே லீக்குக்குத் தெரிவிக்கும் கடமை, பயிற்றுநர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஆண்டுதோறும் கட்டாய வகுப்பு, புகார் அளிக்கத் தொலைபேசி எண் ஆகியவை அவற்றுள் சில. பயனற்றவை என்று ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் 2023இல் பாப்காக்கின் அறைக்குள் நடந்தது முதலில் வெளியே வந்தது பாட்காஸ்ட் வழியாகவே. உண்மையை நிலைநிறுத்தியது, சங்கப் பிரதிநிதிகள் நேரில் வந்து, பயிற்றுநர் இல்லாத இடத்தில், பெயர் வெளிவராது என்ற உறுதியுடன் இளைய வீரர்களைப் பேச வைத்ததுதான். அணித்தலைவர் பொதுவெளியில் மறுத்த பிறகும் அவர்கள் பேச முடிந்ததற்கு அந்த ஏற்பாடே காரணம். ஊதியப் பேரத்துக்கு மட்டுமே சங்கம் என்று எண்ணுபவர்கள் இந்த ஐந்து நாள்களைக் கூர்ந்து படிக்கலாம்.

அத்தகைய சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? நம் நாட்டை நோக்கித் திரும்ப இக்கேள்வி போதும். 2022இல், இந்திய மகளிர் ஹாக்கி அணியின் முன்னாள் பயிற்றுநர் ஷோர்ட் மரைன் டோக்கியோ ஒலிம்பிக் அனுபவத்தைப் பற்றி எழுதிய நூல் வெளிவரவிருந்தது. பயிற்றுநர் என்ற முறையில் மட்டுமே அவர் அறிந்த தம் உடல்நலத் தகவல் அதில் இடம்பெறுகிறது என்று கூறி அணி வீராங்கனை ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். பயிற்றுநரிடம் நோயைச் சொல்லாமல் ஆட முடியாது. சொன்னால் அது எவருடைய சொத்து? ஆட்டத்தின் தேவைக்காகக் கொடுத்த தகவல், ஆட்டம் முடிந்தபின் பயிற்றுநரின் நினைவுக்குறிப்பாகிவிடுமா? அந்த வீராங்கனைக்குப் பின்னால் கொலம்பஸுக்குச் சென்றதைப் போன்ற சங்கம் எதுவும் இல்லை. அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை மறந்து தமிழில் இதைப் பேச முடியாது. செங்கற்சூளையில் உழைத்த தலித் பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது; அவருக்கும் மருத்துவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய பரிசோதனை முடிவு நாடெங்கும் செய்தியானது. அங்கே மீறியது பயிற்றுநர் அல்ல, விளையாட்டு அமைப்புகள். ஆனால் எவருடைய உடலைப் பற்றி எவர் வேண்டுமானாலும் பேசலாம் என்ற முடிவு எங்கே எளிதில் எடுக்கப்படுகிறது என்பதை அந்த நிகழ்வு காட்டிற்று.

சட்டம் ஒன்றும் இல்லாமலில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதன் வரையறைக்குள் விளையாட்டு நிறுவனங்களையும் அரங்கங்களையும் பயிற்சி வளாகங்களையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. பயிற்சி விடுதியில் தங்கியிருக்கும் பல மாணவியருக்கு இது தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிப்பதில்லை. ஆனாலும் அச்சட்டம் ஆண் வீரர்களுக்குப் பொருந்தாது. பாலியல் தன்மையற்ற துருவல்களையும் தொடாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் ரயில்வே வேலையும் எதிர்நோக்கியிருக்கும் முதல் தலைமுறை இளைஞர், தேர்வுப் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கும் பயிற்றுநரிடம் கைபேசியை நீட்ட மறுக்க வேண்டுமானால், அவர் கையில் பிடித்துக்கொள்ள விதி ஏதும் இல்லை.

அந்த அறையில் பேச்சு சாதிக்குத் திரும்பினால்? “உன் அப்பா என்ன செய்கிறார்?” என்பது எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படும் கேள்வி என்பதை நாம் அறிவோம், அதன்பின் வரும் ஏளனத்தையும் அறிவோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(r), அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா எதிர் உத்தராகண்ட் மாநிலம் வழக்கில், வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் சொல்லப்பட்ட சொற்கள் இப்பிரிவின்கீழ் வாரா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலியுவின் வழக்கில் உடைமாற்றும் அறையிலிருந்த இருவர், பத்து ஆண்டுகள் கழித்தேனும், “நாங்கள் கேட்டோம்” என்றனர். பயிற்றுநர் ஒருவரை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால், அப்படிச் சொல்வதற்கு அங்கே எவரும் இருக்கமாட்டார். இளையோர் பயிற்சி முகாம்களில் பயிற்றுநரும் வீரரும் தனித்துச் சந்திக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது வீரர் விரும்பும் மூன்றாமவர் உடனிருக்க வேண்டும் என்று மாநில விளையாட்டு ஆணையம் ஒற்றைச் சுற்றறிக்கை பிறப்பிப்பதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது.